'யார் சீனியர்?' சண்டையில் முடங்கிய ஏர் இந்தியா: 2 கம்பெனி ஒன்றானால் விமானிகள் ஏன் கொதிக்கிறார்கள்?

58 நாட்கள்! 2012-ம் ஆண்டு மே மாதம் தொடங்கி ஜூலை 3-ந் தேதி வரை ஏர் இந்தியா விமானிகள் நடத்திய போராட்டத்தின் கணக்கு இது. ஒருவர் பின் ஒருவராக 'உடம்பு சரியில்லை' என்று லீவு சொன்னார்கள். வெளிநாடு செல்லும் விமானங்கள் வரிசையாக ரத்தாயின. டிக்கெட் எடுத்தவர்கள் மூட்டை முடிச்சுடன் ஏர்போர்ட்டில் தவித்தனர். 101 விமானிகளின் வேலை பறிபோனது. நிறுவனத்துக்கு சுமார் 600 கோடி ரூபாய் நஷ்டம் என்று அப்போது கணக்கு சொல்லப்பட்டது.

போனஸ் கேட்டு நடந்த ஸ்டிரைக்கா? இல்லை. புதிதாக வரப்போகும் விமானத்தை ஓட்ட யாருக்கு டிரெய்னிங் கொடுப்பது என்பதில்தான் தீப்பொறி விழுந்தது. அதற்கு அடியில் புகைந்து கொண்டிருந்தது வேறொரு கேள்வி. 'நீ சீனியரா, நான் சீனியரா?'

லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் வரிசை எண்ணுக்காக இப்படி சண்டை போடுவார்களா என்று கேட்கத் தோன்றும். ஆனால் விஷயம் அவ்வளவு லேசானது இல்லை. பஸ் டிப்போவிலும், மில்லிலும், பேங்கிலும் வேலை பார்க்கிறவர்களுக்கும் நாளைக்கே வரக்கூடிய பிரச்சினைதான் இது.

லிஸ்டில் ஒரு நம்பர்

விமானிக்கு சீனியாரிட்டி என்பது வெறும் மரியாதை இல்லை. வருமானமே அதில்தான் இருக்கிறது.

விமானத்தின் முன்பகுதியில் இரண்டு பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கேப்டன். சட்டைத் தோளில் 4 பட்டை போட்டிருப்பார். இன்னொருவர் கோ-பைலட். அவருக்கு 3 பட்டை. இருவரும் ஒரே விமானத்தைத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. கோ-பைலட்டாக சேர்ந்தவர் கேப்டன் சீட்டுக்கு எப்போது மாறுவார்? பறந்த மணி நேரம் வேண்டும், பரீட்சை பாஸாக வேண்டும். இதெல்லாம் இருந்தாலும் லிஸ்டில் அவர் முறை வர வேண்டும்.

அடுத்தது, எந்த விமானம் என்ற கேள்வி. உள்ளூர் ரூட்டில் ஓடும் சின்ன விமானத்தில் நடுவே ஒரு நடைபாதைதான் இருக்கும். லண்டன், நியூயார்க் போகும் பெரிய விமானத்தில் இரண்டு நடைபாதை. பெரிய விமானம் ஓட்டினால் அலவன்ஸ் அதிகம், வெளிநாட்டில் தங்கும் படி தனி. பெரிய விமானத்துக்கு மாற டிரெய்னிங் வேண்டும். அந்த டிரெய்னிங்குக்கு யாரை முதலில் அனுப்புவது? அதற்கும் லிஸ்ட்தான்.

கம்பெனி நொடித்து ஆட்குறைப்பு வந்தால், வெளிநாட்டுக் கம்பெனிகள் பலவற்றில் லிஸ்டின் அடியில் இருப்பவர்தான் முதலில் வீட்டுக்குப் போவார். தீபாவளி, பொங்கலுக்கு லீவு யாருக்கு, ராத்திரி டூட்டி யாருக்கு என்பதிலும் லிஸ்ட் பேசும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனியில் சேர்ந்தால், பெரும்பாலும் அங்கே லிஸ்டின் கீழே போய்த்தான் நிற்க வேண்டும். 15 வருஷ சர்வீஸ் எல்லாம் ஒரே நாளில் ஆவியாகி விடும். அதனால்தான் பல விமானிகள் சேர்ந்த கம்பெனியிலேயே ரிட்டையர் ஆகும் வரை ஒட்டிக் கொள்கிறார்கள். அந்தக் கம்பெனியே இன்னொன்றோடு சேர்ந்து, 'இனிமேல் இரண்டு லிஸ்டும் ஒன்று' என்று சொன்னால்?

ஒருவர் 10 இடம் மேலே போனால், 10 பேர் ஒவ்வொரு இடம் கீழே இறங்க வேண்டும். எல்லோரையும் திருப்திப்படுத்தும் லிஸ்ட் என்று ஒன்று கிடையாது.

2007-ல் நடந்த கல்யாணம்

1932-ம் ஆண்டு ஜே.ஆர்.டி. டாடா தொடங்கிய விமான கம்பெனிதான் பின்னாளில் ஏர் இந்தியா ஆனது. 1953-ம் ஆண்டு மத்திய அரசு விமானத் தொழிலை அரசுடைமை ஆக்கியது. வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் என்று இரண்டாகப் பிரித்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் இரண்டும் தனித்தனி வீடு. தனித்தனி சம்பளம், தனித்தனி பதவி உயர்வு, தனித்தனி சங்கம்.

ஏர் இந்தியா விமானிகளின் சங்கம் இண்டியன் பைலட்ஸ் கில்டு. இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம் இண்டியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன். முதல் கூட்டம் பெரும்பாலும் அமெரிக்க தயாரிப்பான போயிங் ஓட்டியது. இரண்டாவது கூட்டம் பெரும்பாலும் ஐரோப்பிய தயாரிப்பான ஏர்பஸ் ஓட்டியது. ஒருவருக்கு நியூயார்க் தெரியும், இன்னொருவருக்கு மதுரையும் கவுகாத்தியும் தெரியும்.

2007-ம் ஆண்டு இந்த இரண்டையும் ஒன்றாக்க மத்திய அரசு முடிவு செய்தது. அப்போது விமானப் போக்குவரத்து மந்திரியாக இருந்தவர் பிரபுல் படேல். தனியார் விமானங்கள் போட்டி போட்டு டிக்கெட் விலையைக் குறைத்த நேரம் அது. 'இரண்டும் சேர்ந்தால் செலவு குறையும், பலம் கூடும்' என்றார்கள். நேஷனல் ஏவியேஷன் கம்பெனி ஆப் இந்தியா என்ற புதுப் பெயரில் கம்பெனி பிறந்தது. 2010-ம் ஆண்டு அது ஏர் இந்தியா லிமிடெட் என்று மாறியது.

பெயர் ஒன்றானது. விமானத்தின் பெயின்ட் ஒன்றானது. டிக்கெட்டில் போடும் கோடும் 2011-ல் ஒன்றானது. ஆனால் விமானிகளின் சம்பளமும் லிஸ்டும் ஒன்றாகவில்லை. தாலி கட்டி முடித்த பிறகு, வீட்டில் யார் மூத்த மருமகள் என்பதை அப்புறம் பேசிக் கொள்ளலாம் என்று விட்டது போல ஆகிவிட்டது.

முதல் வெடி: 2011

முதலில் வெடித்தது இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கம். 2011-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சுமார் 800 விமானிகள் ஸ்டிரைக்கில் குதித்தனர். கேள்வி நேரடியானது. 'ஒரே கம்பெனி, ஒரே வேலை. எங்களுக்கு ஒரு சம்பளம், அவங்களுக்கு ஒரு சம்பளமா?' நிர்வாகத்தில் நடந்த கோளாறுகளை சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள்.

டெல்லி ஐகோர்ட்டு வேலைக்குத் திரும்பச் சொன்னது. விமானிகள் கேட்கவில்லை. கோர்ட்டு அவமதிப்பு வழக்கு பாய்ந்தது. சங்கத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் ரத்து செய்தது. சங்கத் தலைவர்கள் டிஸ்மிஸ் செய்யப்பட்டனர். உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் நின்றுபோயின. 10 நாள் கழித்து மே 6-ந் தேதி அரசு இறங்கி வந்து பேசியது. டிஸ்மிஸ் வாபஸ் ஆனது. அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

சம்பளம், பதவி உயர்வு, சீனியாரிட்டி எல்லாவற்றையும் பார்த்து முடிவு சொல்ல சுப்ரீம் கோர்ட்டு முன்னாள் நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் கமிட்டி போடப்பட்டது. இணைப்பு நடந்தது 2007-ல். கமிட்டி வந்தது 2011-ல். அறிக்கை கொடுத்தது 2012-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி. அதாவது, செய்ய வேண்டிய முதல் வேலை நான்கரை வருஷம் கழித்துத்தான் காகிதத்துக்கு வந்தது.

அடுத்த வெடி: டிரீம்லைனர்

அறிக்கை வந்த 3 மாதத்தில் அடுத்த வெடி. இந்த முறை ஏர் இந்தியா பக்கம்.

போயிங் 787 டிரீம்லைனர். இணைப்புக்கு முன்பே ஏர் இந்தியா ஆர்டர் கொடுத்திருந்த 27 புதிய பெரிய விமானங்கள். டெலிவரி தள்ளிப்போய், 2012-ல்தான் வரவிருந்தன. இதை ஓட்ட டிரெய்னிங் போகும் விமானிகளில் பாதிப்பேர் பழைய ஏர் இந்தியாவிலிருந்து, பாதிப்பேர் பழைய இந்தியன் ஏர்லைன்சிலிருந்து என்று நிர்வாகம் முடிவு செய்தது.

பார்வைக்கு நியாயமான பங்கீடுதான். ஆனால் ஏர் இந்தியா விமானிகள் கொதித்தார்கள். 'இந்த விமானம் எங்க கம்பெனிக்காக வாங்கினது. இதை நம்பித்தான் வருஷக்கணக்கா கோ-பைலட்டாவே காத்துக்கிட்டு இருக்கோம். அவங்க 6 வருஷத்துல கேப்டன் ஆயிடறாங்க, எங்களுக்கு 10 வருஷம் ஆகுது. இப்ப இதுலயும் பாதியைத் தூக்கிக் கொடுத்துட்டா நாங்க எங்க போறது?' என்பது அவர்கள் வாதம்.

இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கம் பதிலும் சூடாக இருந்தது. 'கம்பெனி ஒண்ணாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் என்ன உன் விமானம், என் விமானம்? சின்ன விமானத்தையே காலம் பூரா ஓட்டணும்னு எங்க தலையில எழுதியிருக்கா?'

மே மாதம் 2-வது வாரத்தில் விமானிகள் கூட்டம் கூட்டமாக மெடிக்கல் லீவு போட்டார்கள். டெல்லி ஐகோர்ட்டு இது சட்டவிரோதம் என்றது. அப்போதைய மந்திரி அஜித் சிங், 'முதலில் வேலைக்கு வாருங்கள், பிறகு பேசலாம்' என்ற நிலையில் உறுதியாக நின்றார். 400-க்கும் மேற்பட்ட விமானிகள் வெளியே நின்றார்கள். வெளிநாட்டு விமானங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, இருக்கிற ஆட்களை வைத்து நிர்வாகம் ஓட்டியது.

கோடை விடுமுறை நேரம். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பிய பெற்றோர், படிக்கப் போகும் மாணவர்கள், லீவு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் என்று எல்லோரும் மாட்டிக் கொண்டார்கள்.

கடைசியில் ஜூலை 3-ந் தேதி டெல்லி ஐகோர்ட்டில் விமானிகள் இறங்கி வந்தார்கள். 48 மணி நேரத்தில் வேலையில் சேருவதாக உறுதி கொடுத்தார்கள். டிஸ்மிஸ் ஆனவர்களை அனுதாபத்துடன் பரிசீலிக்கும்படி நிர்வாகத்துக்குச் சொல்லப்பட்டது. செப்டம்பரில் முதல் டிரீம்லைனர் டெல்லியில் வந்து இறங்கியது. இரண்டு பக்க விமானிகளும் அதை ஓட்டினார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. 2011-ல் ஒரு கூட்டம் ஸ்டிரைக் செய்தபோது மற்ற கூட்டத்தின் பெரிய விமானங்கள் பறந்தன. 2012-ல் மற்ற கூட்டம் ஸ்டிரைக் செய்தபோது முதல் கூட்டத்தின் சின்ன விமானங்கள் பறந்தன. ஒரே கம்பெனி தொழிலாளிகள், ஆனால் ஒருவருக்கு இன்னொருவர்தான் எதிரி. நிர்வாகத்துக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

யார் பக்கம் நியாயம்?

உண்மையைச் சொன்னால் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் இந்தச் சண்டையின் சிக்கலே. ஒரு சின்ன உதாரணம் பார்க்கலாம்.

முருகன் என்று ஒருவர். பழைய கம்பெனி. புதிய விமானம் வராததால் 12 வருஷ சர்வீஸ் போட்டும் இன்னும் கோ-பைலட். பாஸ்கர் என்று இன்னொருவர். வேகமாக வளர்ந்த கம்பெனி. 6 வருஷத்திலேயே கேப்டன். இரண்டு கம்பெனியும் ஒன்றாகிறது. யார் சீனியர்?

முதல் வழி, வேலைக்குச் சேர்ந்த தேதி. இதன்படி முருகன்தான் சீனியர். அடுத்து பெரிய விமானம் வரும்போது முருகனுக்குத்தான் சீட்டு. பாஸ்கர் கேட்பார்: 'நான் ஏற்கனவே கேப்டன். உங்க கம்பெனி வளராததுக்கு நான் என்ன பண்ணுவேன்?'

இரண்டாவது வழி, விகிதக் கணக்கு. அந்தப் பக்கம் ஒரு கேப்டன், இந்தப் பக்கம் ஒரு கேப்டன் என்று மாற்றி மாற்றி அடுக்கி, பிறகு கோ-பைலட்டுகளை அதே மாதிரி அடுக்குவது. இதில் பாஸ்கர் மேலே, முருகன் கீழே. முருகன் கேட்பார்: '12 வருஷம் உழைச்ச நான், நேத்து வந்தவனுக்குக் கீழயா?'

மூன்றாவது வழி, மொத்தமாக அடியில் சேர்ப்பது. வாங்கிய கம்பெனியின் லிஸ்ட் முழுவதும் மேலே. விற்ற கம்பெனியின் லிஸ்ட் அதற்கும் கீழே. 'மூழ்கப்போன உங்களைக் காப்பாத்தினதே பெரிசு' என்ற கணக்கு.

இதோடு வேலி போடுவதும் உண்டு. 'இன்னும் இத்தனை வருஷத்துக்கு இந்த விமானத்தில் இந்தப் பக்கத்து ஆட்கள் மட்டும்' என்று கோடு கிழிப்பது. கொண்டு வந்த சொத்தை உடனே பங்கு போடாமல் கொஞ்ச காலம் பாதுகாப்பது. டிரீம்லைனர் விஷயத்தில் ஏர் இந்தியா விமானிகள் கேட்டது கிட்டத்தட்ட இந்த வேலியைத்தான்.

எந்த வழியும் முழு நியாயம் இல்லை. ஆனால் எந்த வழி என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி சண்டை குறையும். ஏர் இந்தியாவில் அதைத்தான் செய்யவில்லை.

அமெரிக்காவில் 11 வருஷ இழுபறி

இது இந்தியாவில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இதைவிட மோசமாக நடந்தது.

2001-ம் ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ், திவாலான டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தை வாங்கியது. டி.டபிள்யூ.ஏ. விமானிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் லிஸ்டின் அடியில் சேர்க்கப்பட்டார்கள். சில மாதத்தில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. விமானத் தொழில் படுத்தது. ஆட்குறைப்பு வந்தபோது அடியில் இருந்தவர்களுக்குத்தான் முதல் அடி. பல வருஷ அனுபவம் உள்ள கேப்டன்கள்கூட வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

2005-ம் ஆண்டு யு.எஸ். ஏர்வேஸ் நிறுவனமும் அமெரிக்கா வெஸ்ட் நிறுவனமும் இணைந்தன. முதல் கம்பெனி பழசு, 2 முறை திவால் ஆனது, விமானிகளுக்கு வயது அதிகம். இரண்டாவது புதுசு, விமானிகள் இளைஞர்கள். பேசிப் பார்த்தும் ஒத்து வராததால் நிக்கோலாவ் என்ற மத்தியஸ்தரிடம் போனார்கள். அவர் 2007-ல் தீர்ப்பு சொன்னார். 16 வருஷத்துக்கு மேல் சர்வீஸ் உள்ள, ஆனால் ஆட்குறைப்பில் வெளியே இருந்த பழைய கம்பெனி விமானிக்கும், சில மாதம் முன்பு சேர்ந்த புதிய கம்பெனி விமானிக்கும் லிஸ்டில் பக்கத்து பக்கத்து இடம் விழுந்தது.

பழைய கம்பெனி ஆட்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஓட்டெடுப்பு நடத்தி இருந்த சங்கத்தையே 2008-ல் தூக்கி எறிந்தார்கள். புதுச் சங்கம் ஆரம்பித்தார்கள். கோர்ட்டில் வழக்கு மேல் வழக்கு. பெயருக்கு ஒரே கம்பெனி. ஆனால் கிழக்கு விமானி, மேற்கு விமானி என்று வருஷக்கணக்காக தனித்தனியாகவே பறந்தார்கள். 2013-ல் அந்தக் கம்பெனியும் அமெரிக்கன் ஏர்லைன்சோடு இணைந்தது. 2016-ம் ஆண்டுதான் மத்தியஸ்தர் குழு கடைசி லிஸ்டை வெளியிட்டது. மொத்தம் 11 வருஷம்! அதற்குள் பலர் ரிட்டையரே ஆகிவிட்டார்கள்.

சில வாரத்தில் முடித்த டெல்டா

டி.டபிள்யூ.ஏ. விமானிகளின் கண்ணீர் வீண் போகவில்லை. அந்தக் கம்பெனியின் முக்கிய தளம் மிசவுரி மாநிலத்தில் இருந்தது. அந்த மாநிலத்தின் 2 செனட்டர்கள், மெக்காஸ்கில், பாண்டு. ஒருவர் ஒரு கட்சி, இன்னொருவர் எதிர்க்கட்சி. இருவரும் சேர்ந்து சட்டம் கொண்டு வந்தார்கள். 2007-ம் ஆண்டு டிசம்பரில் அது நிறைவேறியது. இரண்டு விமான கம்பெனிகள் இணைந்தால் தொழிலாளர்களின் சீனியாரிட்டி லிஸ்டை நியாயமான முறையில் சேர்க்க வேண்டும், பேச்சில் முடியாவிட்டால் மத்தியஸ்தரிடம் போக வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய கம்பெனி சின்ன கம்பெனி ஆட்களை இஷ்டத்துக்கு அடியில் தள்ள முடியாது.

அடுத்த வருஷமே பலன் தெரிந்தது. 2008-ல் டெல்டா, நார்த்வெஸ்ட் என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் இணைந்தன. இரண்டிலும் சேர்த்து சுமார் 12 ஆயிரம் விமானிகள். இங்கே வேலையைத் தலைகீழாகச் செய்தார்கள். இணைப்பு முடியும் முன்பே இரண்டு பக்க விமானிகளுக்கும் ஒரே சம்பள ஒப்பந்தம் போட்டார்கள். கம்பெனியில் பங்கும் கொடுத்தார்கள். லிஸ்ட் விஷயத்தை மத்தியஸ்தர்களிடம் விட்டார்கள். அக்டோபர் கடைசியில் இணைப்பு, டிசம்பரில் லிஸ்ட் ரெடி. முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் விமானம் நிற்கவில்லை.

ஒரு இடத்தில் 11 வருஷம், இன்னொரு இடத்தில் 2 மாதம்கூட இல்லை. டெல்டா விமானிகள் மட்டும் நல்லவர்கள் என்பதில்லை. சம்பளத்தை முதலில் சமமாக்கி, லிஸ்டுக்கு ஒரு முறையை முதலிலேயே ஒத்துக்கொண்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

டாடா கைக்கு வந்த பிறகு

2022-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி ஏர் இந்தியா மீண்டும் டாடா கைக்குப் போனது. விலை 18 ஆயிரம் கோடி ரூபாய். டாடாவிடம் ஏற்கனவே விஸ்தாரா, ஏர் ஏசியா இந்தியா என்று வேறு விமான கம்பெனிகளும் இருந்தன. எல்லாவற்றையும் இரண்டு கம்பெனிக்குள் அடக்க முடிவானது. மறுபடியும் இணைப்பு, மறுபடியும் அதே பயம்.

2023-ல் புதிய சம்பள முறை வந்தபோது, 2011-லும் 2012-லும் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பழைய சங்கங்களும் ஒன்றாக நின்று எதிர்த்தன. 10 வருஷம் முன்பு இப்படி நின்றிருந்தால் கதையே வேறு!

2024 ஏப்ரலில் விஸ்தாராவில் சிக்கல். இணைப்பை முன்னிட்டு புது ஒப்பந்தம் நீட்டப்பட்டது. மாதம் 70 மணி நேரத்துக்கு உறுதியாகக் கிடைத்த சம்பளம் 40 மணி நேரமாகக் குறைந்தது. கோ-பைலட்டுகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். புதிய கம்பெனியில் தங்கள் சீனியாரிட்டி என்ன ஆகும் என்ற கவலையும் சேர்ந்து கொண்டது. பலர் உடம்பு சரியில்லை என்றார்கள். விமானங்கள் தாமதமாயின, ரத்தாயின. தினமும் 25 முதல் 30 விமானங்களை விஸ்தாரா தானாகவே குறைத்துக் கொள்ள வேண்டி வந்தது.

அடுத்த மாதமே ஏர் இந்தியா எக்ஸ்பிரசில் விமானப் பணியாளர்கள் கூட்டமாக மெடிக்கல் லீவு போட்டார்கள். அங்கேயும் ஏர் ஏசியா இந்தியாவோடு இணைப்பு நடந்து கொண்டிருந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிற சாதாரண மக்கள் அதிகம் ஏறும் விமானம் இது. விசா தேதி முடியப் போகிறவர்கள், லீவு முடிந்தவர்கள் திண்டாடினார்கள். சுமார் 25 பேர் வேலை நீக்கம் செய்யப்பட்டு, டெல்லியில் தொழிலாளர் கமிஷனர் முன்னிலையில் பேசிய பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். 2024 அக்டோபரில் அந்த இணைப்பும், நவம்பர் 12-ந் தேதி விஸ்தாரா இணைப்பும் முடிந்தன.

2012-ல் 58 நாள் ஆனது, 2024-ல் சில நாளில் அடங்கியது. ஆனால் நோய் ஒன்றுதான். இணைப்பு என்றதும் ஊழியருக்கு முதலில் தெரிய வேண்டிய விஷயம், கடைசியில்தான் தெரிய வருகிறது.

நஷ்டம் யாருக்கு?

இணைப்புக்குப் பிறகு ஏர் இந்தியாவின் நஷ்டம் 2008-09-ல் 5 ஆயிரத்து 500 கோடி ரூபாயைத் தாண்டியது. 2011-12-ல் 7 ஆயிரத்து 500 கோடிக்கு மேல் போனது. இதற்கெல்லாம் விமானிகள்தான் காரணம் என்று சொல்வது அநியாயம். கடன் வாங்கி ஒரே நேரத்தில் 111 விமானம் ஆர்டர் செய்தது, எரிபொருள் விலை, தனியார் போட்டி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. விமானங்கள் வாங்கிய விதத்தையும் இணைப்பு நடந்த நேரத்தையும் மத்திய தணிக்கை அதிகாரி 2011-ம் ஆண்டு அறிக்கையில் கடுமையாகச் சாடினார்.

விற்கும்போது ஏர் இந்தியாவின் கடன் 61 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் டாடா ஏற்றது 15 ஆயிரத்து 300 கோடி. மீதி 46 ஆயிரம் கோடிக்கு மேல் அரசு தலையில் நின்றது. அரசு தலை என்றால் வரி கட்டுகிற மக்கள் தலை. ஒரு தடவைகூட விமானத்தில் ஏறாதவர்களும் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் சோப்புக்கும் கட்டுகிற வரியில் அதுவும் அடக்கம்.

விமானிகளுக்கும் நஷ்டம்தான். டிஸ்மிஸ் ஆனவர்கள் அலைந்தார்கள். ஸ்டிரைக் முடிந்தும் ஒரே அறையில் ஒருவரோடு ஒருவர் பேசாத நாட்கள் உண்டு. ஜெயித்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது.

என்ன செய்திருக்கலாம்?

பெரிய மந்திரம் ஒன்றும் தேவையில்லை. இணைப்புக்குக் கையெழுத்துப் போடும் முன் 3 கேள்விக்குப் பதில் எழுதி வைத்தால் போதும். ஒன்று, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் எந்தத் தேதியிலிருந்து? இரண்டு, லிஸ்ட் எந்த முறையில் சேரும், ஒத்து வராவிட்டால் யார் தீர்ப்பு சொல்வார்? மூன்று, ஏற்கனவே கிடைக்கவிருந்த பதவி உயர்வுக்கு எத்தனை வருஷம் வேலி?

2007-ல் மந்திரிசபை இணைப்புக்கு ஓகே சொன்னபோது இந்த 3 கேள்விக்கும் பதில் இல்லை. அதற்கான விலைதான் 2011-ல் 10 நாளும் 2012-ல் 58 நாளும்.

அமெரிக்காவில் 2 செனட்டர்கள் சேர்ந்து சட்டமே கொண்டு வந்துவிட்டார்கள். லிஸ்ட் இணைப்புக்கு என்றே அப்படி ஒரு தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஒவ்வொரு முறையும் நிர்வாகத்தின் மனசு, சங்கத்தின் பலம், கோர்ட்டின் உத்தரவு என்றே ஓடுகிறது. விமானத்தோடு இது முடியாது. பேங்க் இணைப்பு, பஸ் கழக இணைப்பு, தனியார் கம்பெனி கைமாறுவது என்று எங்கே பார்த்தாலும் ஊழியர் மனதில் எழும் முதல் கேள்வி இதுதான்: 'என் சர்வீஸ் என்ன ஆகும்?'

அந்தக் கேள்விக்கு முதல் நாளே பதில் சொன்னால், அடுத்த இணைப்பிலாவது பயணிகள் ஏர்போர்ட் தரையில் படுக்க வேண்டி வராது. சொல்வார்களா?